பின்சீட்டில் திருக்குடும்பம்

மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவன் பின்சீட்டில் இரண்டு பொருள்கள் வைத்திருக்க வேண்டும், மேடம். ஒன்று பனி வார மண்வெட்டி, இன்னொன்று பனி உருகத் தூவ ஒரு மூட்டை உப்பு. பாதிரியாராக இந்தப் பங்குக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே படித்துக்கொண்ட பாடம் அது. ஒப்துலியா அம்மாவின் உடலை அவர் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போன அன்று நீங்கள் என் வண்டிக்குள் எட்டிப் பார்த்தீர்கள். மண்வெட்டி இருந்தது, உப்பும் இருந்தது. பக்கத்தில் சீட் பெல்ட் போட்டு ஒரு மரப்பெட்டியும் இருந்தது. "பெட்டிக்கு பெல்ட்டா சாமி?" என்று உங்கள் கான்ஸ்டபிள் சிரித்தார். வளைவில் உருண்டு கண்ணாடி உடைந்துவிடக் கூடாதே என்றுதான் போட்டிருந்தேன். உள்ளே சூசையப்பர், மாதா, நடுவில் பாலன் சேசு. மூவரும் களிமண்.

அன்று நீங்கள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். கடைசியாக அந்த அம்மாவைப் பார்த்தது நான்தானா என்று. ஆமாம் என்றேன். நீங்களும் மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். இன்று யாரும் கூப்பிடாமல் நானே ஸ்டேஷனுக்கு வந்திருப்பது அந்தப் பதிலைத் திருத்தத்தான். காப்பி வேண்டாம், நன்றி. கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரசங்கம் செய்து பழகிய வாய்.

எனக்குப் பதினோரு ஊர். ஆயன், மந்தை என்றெல்லாம் குருமடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். மந்தை பதினோரு மலையில் ரெண்டும் மூணுமாகப் பிரிந்து நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஐந்து பூசை. பனிக்காலத்தில் கோவிலுக்குள் உடை மாற்றினால் சளி பிடிக்கும் என்பதால் பூசை அங்கியை ஓவர்கோட்டுக்கு அடியிலேயே போட்டுக்கொண்டு ஓட்டுவேன். பூசைக்கான அப்பம் ஒரு சாப்பாட்டு டப்பாவில் இருக்கும். நான்காவது ஊரில் நிற்கும்போது மூன்றாவது ஊரில் பிரசங்கம் செய்தேனா இல்லையா என்றே மறந்துபோகும். நான் சோம்பேறி இல்லை, மேடம். இருபத்திரண்டு வருஷம் இப்படி ஓடியிருக்கிறேன். கழுத்து சுளுக்கிப் பட்டை போட்டுக்கொண்டுகூட ஓட்டியிருக்கிறேன்.

பதினோரு ஊரில் கடைசி ஊர் ஒர்த்தீகா. ஓக் மரக்காட்டைத் தாண்டி, கழுதை வளைவையும் தாண்டி ஏற வேண்டும். அந்த இடத்தில் கழுதைகூட மேலே போக யோசிக்கும் என்பதால் அந்தப் பெயர். ஒரு தடவை அங்கே வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது. சிரிலோ டிராக்டரோடு வரும்வரை கால் மரத்துப் போய் உட்கார்ந்திருந்தேன். கோடையில் தலைநகர் மாத்ரித்திலிருந்து பிள்ளைகளும் பேரன்களும் வந்து சதுக்கத்தில் மேசை போட்டு ஆடிப் பாடுவார்கள். செப்டம்பர் வந்தால் ஒருவரும் இல்லை. குளிர்காலத்தில் மொத்தம் மூன்று வீட்டில்தான் புகை வரும். கீழே கசில்தா, நடுவில் சிரிலோ, மேலே கோவிலை ஒட்டி ஒப்துலியா அம்மா. மூவரும் தனித்தனியாக, வயதாகி, வீம்பாக வாழ்ந்தார்கள்.

அவர்களுடைய வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் மீதி புரியும். அந்தப் பெட்டி ஊர் சுற்றும் பெட்டி. ஒரு வீட்டில் ஒரு நாள்தான் இருக்கும். விளக்கேற்றி, செபம் சொல்லி, மறுநாள் மத்தியான மணி அடிப்பதற்குள் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். "திருக்குடும்பம் ஒரே வீட்டுல ரெண்டு ராத்திரி தங்காது" என்று அவர்கள் சொல்வார்கள். பெத்லகேமில் இடம் கிடைக்காமல் அலைந்தவர்கள் அல்லவா, அலைந்துதான் பழக்கம். கசில்தா சிரிலோவிடம் கொடுப்பார், சிரிலோ மேலே ஏறி ஒப்துலியா அம்மாவிடம் கொடுப்பார், அவர் இறங்கி வந்து கசில்தாவிடம் கொடுப்பார். மழையானாலும் பனியானாலும் அது நிற்காது.

அந்த ஊரில் காரணமில்லாமல் ஒருவர் வீட்டு வாசலில் இன்னொருவர் போய் நிற்க மாட்டார். வெறுங்கையோடு போய்க் கதவைத் தட்டுவது வேவு பார்ப்பதற்குச் சமம். வாய்க்கால் தகராறில் கசில்தாவும் சிரிலோவும் வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். அப்போதும் பெட்டி மட்டும் நாள் தவறாமல் கை மாறியது. இவர் நீட்டுவார், அவர் வாங்கிக்கொள்வார், கதவு சாத்திக்கொள்ளும்.

நான் வந்த இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு நாள் மத்தியான மணி அடித்தும் மேல்வீட்டுக்குப் பெட்டி வரவில்லை. ஒப்துலியா அம்மா இறங்கிப் போய்ப் பார்த்தால், சிரிலோ மாடிப்படிக்குக் கீழே கால் ஒடிந்து கிடக்கிறார். அவரைக் கம்பளியில் உருட்டி, கணப்பு வரைக்கும் இந்த அம்மா தனி ஆளாக இழுத்துப் போட்டிருக்கிறார், அறுபதைத் தாண்டிய வயதில். ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து சிரிலோவைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

"பெட்டி வரலையேன்னு வந்தேன்டா. இல்லேன்னா நீ இன்னும் நாலு நாள் நிம்மதியா படுத்திருப்ப, நானும் நிம்மதியா இருந்திருப்பேன்."

ஆகவே, மேடம், அந்தப் பெட்டி எதற்கு என்று எனக்குத் தெரியும். அது பக்திக்கு மட்டும் அல்ல. தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது.

ஒப்துலியா அம்மாவைப் பற்றி நல்லதைத்தான் சொல்வேன். எண்பத்து மூன்று வயது. கோவில் சாவி எப்போதும் இடுப்புக் கயிற்றில். மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பீடத்தைத் துடைப்பது எல்லாம் அவர்தான். என்னைக் குறை சொல்வதும் அவர்தான். எனக்கு 'அவசரச் சாமி' என்று பெயர் வைத்தது அவர் வாய். பதினோரு ஊரிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பூசை முடிந்ததும், பூசைப் பொருள்கள் வைக்கும் சக்ரீஸ்து அறை வாசலில் கைகட்டி நிற்பார்.

"சாமி, இன்னைக்கு விசுவாசப் பிரமாணத்துல போஞ்சு பிலாத்து பேரை முழுங்கிட்டீங்க."

"அப்படியா அம்மா? கவனிக்கல."

"அவன் கவனிச்சிருப்பான். சேசுவைச் சிலுவைக்கு அனுப்பின நாள்லேர்ந்து ரெண்டாயிரம் வருஷமா, யாராவது தன் பேரை விட்டுடுவாங்களான்னு காத்துக்கிட்டு இருந்தவனாச்சே."

"இன்னும் ரெண்டு ஊர் இருக்கும்மா."

"அந்த ரெண்டு ஊருக்கும் சேர்த்து இங்கயே முழுங்கிட்டுப் போறீங்களாக்கும். சரி, சூப் குடிச்சுட்டுப் போங்க. இல்லேன்னா கோவிலைப் பூட்டிச் சாவியைக் கிணத்துல போட்டுடுவேன், அப்புறம் எங்க முழுங்குவீங்க?"

பூண்டும் காய்ந்த ரொட்டியும் போட்டு, மேலே முட்டை உடைத்து ஊற்றிய சூப். நான் குடித்து முடிப்பதற்குள் என் ஈர ஷூவை எடுத்துக் கணப்புப் பக்கத்தில் காய வைத்திருப்பார். என் தாய் செத்த பிறகு எனக்கு அதைச் செய்தவர் அவர் ஒருவர்தான். இதை உங்களிடம் மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் அது ஒப்புதல் ஆகாது.

மாத்ரித்திலிருக்கும் அவருடைய மகன் கீழே டவுனில் உள்ள முதியோர் இல்லத்தில் அவரைச் சேர்க்கச் சொல்லி என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் எத்தனையோ தடவை பேசிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்.

"அங்க போனா முதல்ல சாவியை வாங்கிக்குவாங்க. அப்புறம் பல்லை வாங்கிக்குவாங்க. கடைசியா பேரையும் வாங்கிக்கிட்டு 'பாட்டி'ம்பாங்க. நான் வரல. என் வீட்டுல, என் கட்டில்ல, நீங்க பக்கத்துல நின்னு நெத்தியில எண்ணெய் பூச, நான் கிளம்புவேன். நீங்க அவசர அவசரமா பூசினாலும் பரவால்ல."

"சரிம்மா" என்றேன். ஒரு குரு அவஸ்தைப்பூசுதலுக்கு வாக்குக் கொடுத்தால் அது வெறும் வாக்கு அல்ல. எண்ணெய்ச் சிமிழ் எப்போதும் என் கோட்டுப் பையில் இருக்கும். இப்போதும் இருக்கிறது.

போன வருஷம் குருகுல முதல்வர் என்னைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். ஆயருக்கு, அதாவது பிஷப்புக்கு, அடுத்தபடியாக எங்களை மேய்ப்பவர் அவர். நல்ல மனிதர். "மூணு பேருக்காக எத்தனை நாள்தான் அந்த மலை ஏறுவீங்க ஃபாதர்? கேக்கிற ஆள் இருக்கிற வரைக்கும் பூசை உண்டுன்னு ஆயர் சொல்லிட்டார். கேக்க ஆள் இல்லேன்னா அது தானா முடிஞ்சிடும். அப்புறம் உங்களை நகரத்துக்கே மாத்திடலாம். ஆத்தங்கரைப் பங்கு. கூட ஒரு இளம் குரு. அறைக்கு அறை ஹீட்டர்" என்றார். 'தானா' என்ற அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

கேட்கிற ஆள் யார் என்று நான் யோசிக்கவே வேண்டியதில்லை. சிரிலோ மணி அடித்தால் வருவார், அடிக்காவிட்டால் ஆட்டுக்குப் புல் போடப் போவார். ஒப்துலியா திட்டுவாளே என்றுதான் கசில்தா வருவார். கேட்பவர் ஒருவர்தான். கல்லறைத் திருநாளன்று கனமழை என்று நான் மேலே போகாமல் விட்டபோது, ஆயர் இல்லத்துக்கே போன் போட்டு, "எங்க ஊர்ல உசுரோட இருக்கிறவங்க பொறுத்துக்குவாங்க, செத்தவங்க பொறுக்க மாட்டேங்கிறாங்க. ஒரு சாமி மிச்சமிருந்தா அனுப்புங்க" என்று சொல்லியிருக்கிறார். குருகுல முதல்வர் அதை மேசையில் எல்லாரும் கேட்கச் சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். 

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளன்று பூசை முடிந்து, பெட்டியின் கதவுக் கீல் ஆடுவதைப் பார்த்தேன். கண்ணாடி எப்போது வேண்டுமானாலும் விழலாம். டவுனில் தச்சரிடம் கொடுத்துச் சரி செய்து வருகிறேன் என்றேன். அதுவரைக்கும் அது நல்ல எண்ணம்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"பெட்டி இல்லாம எப்படி சாமி?" என்றார் கசில்தா.

"ஒரு வாரம்தான்."

ஒப்துலியா அம்மா பெட்டியை விடவில்லை. "ஒரு ஆணி. நானே அடிச்சுப்பேன்" என்றார். கண்ணாடி உடைந்து பாலன் மேல் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதைக் கேட்டதும், இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் கண்ணாடியைத் துடைத்து, என் கையில் கொடுத்தார்.

"பத்திரமா கொண்டு வாங்க. அவங்க நடந்தாத்தான் நாங்களும் நடப்போம். அவங்க வரலேன்னா இங்க யாரும் யார் வீட்டுக்கும் போகப் போறதில்ல. தெரியுமில்ல?"

"தெரியும் அம்மா" என்றேன்.

நான் காப்பி குடித்து முடிப்பதற்குள் தச்சர் கீலை மாற்றிவிட்டார். அன்றே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். இருட்டிவிட்டது என்று அன்று போகவில்லை. மறுநாள் ஒரு அடக்கச் சடங்கு. அதற்கடுத்த நாள் எதுவும் இல்லை. பெட்டி பின்சீட்டில் இருந்தது. அந்த நாளில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. கெட்ட யோசனை என்று அப்போது தோன்றவில்லை. பெட்டி நின்றால், தாங்கள் எவ்வளவு தனியாக இருக்கிறோம் என்று மூவருக்கும் உறைக்கும். பயம் வரும். ஒருவர் பிள்ளைகளுக்குப் போன் செய்வார், இன்னொருவரும் செய்வார், ஒப்துலியா அம்மாவும் இறங்கி வருவார். நல்ல சூடான அறை, மூன்று வேளை சாப்பாடு, கூப்பிட்டால் நர்ஸ். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். 

பிறகு பனி கொட்டியது. பனி விழுந்தால் எங்கள் மலையில் முதலில் போவது டெலிபோன் கம்பி. பாதை மூடிவிட்டதால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒர்த்தீகாவில் பூசை இல்லை. விடிந்தும் படுத்துக் கிடந்தேன். வெளிச்சம் ஜன்னலில் ஏறும்வரை தூங்கி, பால் காய்ச்சிக் குடித்து, சந்தோஷமாக இருந்தேன். எத்தனை வருஷமாயிற்று அப்படி இருந்து. 

பனி அள்ளும் வண்டி பாதையைத் திறந்ததும் மேலே போனேன். பெட்டியைத் திருப்பிக் கொடுக்கத்தான் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. முதியோர் இல்லத்தில் ஒரு படுக்கை காலியாகியிருப்பதாகச் சேதி வந்திருந்தது. இந்த நேரத்தில் பேசினால் படியும் என்று நினைத்துப் போனேன். பேச்சு படிந்தால் பெட்டியைக் கொடுப்பது, படியாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் வைத்திருப்பது.

கசில்தா தன் வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தார். என் வண்டியைப் பார்த்ததும் வாருகோலைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"மணியும் அடிக்கல, மேல புகையும் காணோம் சாமி. நேத்தும் காணோம்."

"போய்ப் பாக்கலையா?"

"எப்படிப் போறது? வெறுங்கையோட போய் நின்னா, 'செத்துட்டேனான்னு பாக்க வந்தியாடி'ன்னு கேப்பா. ஊர் முழுக்கச் சொல்லிக் காட்டுவா. சிரிலோவைக் கேட்டேன், அவனும் 'பெட்டி வரட்டும்'ங்கிறான். பெட்டி கொண்டாந்தீங்களா?"

வண்டிக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. உள்ளே இருப்பது வெளியே தெரியாது.

"தச்சர் இன்னும் முடிக்கல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்துவிட்டேன், மேடம். கொடுத்திருந்தால் அவர் அந்த நிமிஷமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் மேலே ஏறியிருப்பார். ஏறக் கூடாது என்று நான் நினைத்தேனா? நினைத்தேன் போலத்தான் இருக்கிறது. "வழுக்கும், நீங்க இருங்க. நானே போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்றேன். சாமியே போகிறார் என்றதும் கசில்தா முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார்.

மேலே போனேன், இறங்கி வந்தேன். வந்து கசில்தாவிடம், "நல்லாத்தான் இருக்காங்க. லேசா சளி. படுத்திருக்காங்க, யாரும் வந்து எழுப்ப வேணாம்னாங்க" என்று சொன்னேன்.

"அப்ப புகை?"

"விறகு ஈரமாம்."

"ஈரமாவது. கஞ்சத்தனம் சாமி அது, பொறந்ததுல இருந்தே" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

நான் கழுதை வளைவைத் தாண்டி இறங்கி, அடுத்த ஊரில் மாலைப் பூசை வைத்தேன். மறுநாளும் எனக்கு வேலை இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. ரொட்டி வேன் வரும் நாளில், ஒப்துலியாவுக்குச் சளி, நீயே மேலே கொண்டுபோய்க் கொடு என்று கசில்தா வேன்காரரிடம் சொல்லியிருக்கிறார். அவர்தான் பார்த்தார். ஒப்துலியா அம்மா உயிரோடு இல்லை; விறகு எடுக்கப் போன இடத்தில் விழுந்திருக்கிறார், இடுப்பு உடைந்திருக்கிறது. கட்டை ஒன்று கையில் இருந்தது. தரையில் தன்னை இழுத்துக்கொண்டே கதவுப் பக்கம் வந்திருக்கிறார். பாதி தூரம்.

மற்றது உங்களுக்குத் தெரியும். சாமி பார்த்துவிட்டுப் போன பிறகு கிழவி விழுந்துவிட்டாள், யார் மேலும் தப்பில்லை என்று ஊர் முடிவு செய்தது. ஆனால் விழுந்த பிறகும் அவர் வெகு நேரம் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதைக் கசில்தா பக்கத்தில் நின்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து கசில்தாவின் தவிப்பு தொடங்கியது.

பாவசங்கீர்த்தனத்தில் கசில்தா என்னிடம் என்ன சொன்னார், பரிகாரமாக நான் என்ன செய்யச் சொன்னேன் என்று நீங்கள் கேட்கக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன். அந்த ரகசியத்தை நான் ஒருநாளும் மீறியதில்லை. தலை போனாலும் மீற மாட்டேன். கண்ணால் பார்க்கக்கூடியதை மட்டும் சொல்கிறேன். அடக்கம் முடிந்ததும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மேல்வீட்டு முறை வரும் நாளெல்லாம் மத்தியானத்துக்கு முன்னால் கசில்தா அதைத் தூக்கிக்கொண்டு அங்கே ஏறுகிறார். ஆளில்லாத அந்த வீட்டில், குளிர்ந்த கணப்புக்கு எதிரே மேசைமேல் பெட்டியை வைத்து விளக்கேற்றுகிறார். மறுநாள் போய் எடுத்து வந்து சிரிலோவிடம் கொடுக்கிறார். அவருக்கு எழுபத்தெட்டு வயது, முழங்கால் தேய்ந்தவர். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று யார் கேட்டாலும், "சாமி சொன்னாரு" என்கிறார். நேற்று பார்த்தேன், பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தார். பெட்டி மட்டும் கீழே படாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு விழுந்தார். தூக்கிவிட்டேன். "நான் ஒரு தடவை ஏறியிருந்தா அவ இருந்திருப்பா இல்ல சாமி?" என்று கேட்டார். தெருவில் கேட்டதால் இதை உங்களிடம் சொல்லலாம்.

நான் பதில் சொல்லவில்லை. அதனால்தான் இன்று இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

வேறொரு குருவிடம் போய் முழந்தாளிட்டிருக்கலாம். பக்கத்துப் பங்கிலேயே ஒருவர் இருக்கிறார், என்னைப் போல அவசரக்காரர். கேட்டு முடிப்பதற்குள் மன்னித்து அனுப்பியிருப்பார். அவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடும் என்ற நினைப்பே எனக்குப் பயமாக இருந்தது. குற்றம் செய்தவனுக்குத் தூக்கம் வராது என்பார்கள். எனக்குத் தூக்கம் வருகிறது. ஈர ஷூவைக் கழற்றிய பிறகுதான் தடுமாறுகிறேன். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நான் ஒரு கொலைகாரன், மேடம். அந்தச் சொல்லை வீட்டில் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகிவிட்டுத்தான் வந்தேன், இங்கே வந்து வாய் குழறக் கூடாது என்று.

கடைசியாக அவரைப் பார்த்தது நான்தானா என்று கேட்டீர்கள். இல்லை. நான் அவரைப் பார்க்கவில்லை.

கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது. மெலிந்த குரல்தான், ஆனால் தெளிவாக இருந்தது.

"கசில்தாவா? கயித்தை இழுடி. இடுப்பு ஒடிஞ்சு எந்திரிக்க முடியாம கெடக்கேன்."

ஒர்த்தீகாவில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. வெளியே ஒரு கயிறு தொங்கும். இழுத்தால் உள்ளே தாழ்ப்பாள் தூக்கிக்கொள்ளும். கயிறு என் கையில் இருந்தது. நான் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாக யோசித்தேன். டெலிபோன் இல்லை. நான் இறங்கிப் போய் ஆம்புலன்ஸை அழைத்து வர வேண்டும். ஆஸ்பத்திரியில் வைத்து இடுப்பை ஒட்ட வைப்பார்கள், ஒட்டாது. அங்கிருந்து நேராக முதியோர் இல்லம். சாவி போகும், பல் போகும், பேர் போகும். அவர் எதை வேண்டாம் என்றாரோ அதெல்லாம் நடக்கும். ஒருவேளை ஒட்டிவிட்டால், வசந்த காலத்தில் கைத்தடியோடு திரும்பி வந்து, சக்ரீஸ்து அறை வாசலில் கைகட்டி நிற்பார். அதையும் யோசித்தேன். அதை யோசித்த பிறகு கயிற்றை விட்டேன்.

ஆனால் சும்மா வந்துவிடவில்லை. ஒரு குருவால் அப்படி வர முடியாது. எண்ணெய் பூச வேண்டுமென்றால் உள்ளே போக வேண்டும். பாவமன்னிப்புக்கு அது தேவையில்லை, குரல் கேட்கும் தூரம் போதும். தொப்பியைக் கழற்றிவிட்டு, கதவுக்கு நேரே கையை உயர்த்திச் செபத்தைச் சொன்னேன். பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே என்று சிலுவை அடையாளம் வரைந்து முடித்தேன். பிறகு கேட்டது.

"ஆமென். சாமியா? வந்துட்டீங்களா... அவசரமில்ல, காலைத் துடைச்சுட்டு உள்ள வாங்க."

ஏறி வந்த தடத்திலேயே கால் வைத்து இறங்கினேன், வழுக்காமல் இருக்க.

இதுதான் நடந்தது. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன். கசில்தாவிடம் யாராவது போய், இனி அந்த வீட்டுக்கு ஏற வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நான் சொன்னால் கேட்க மாட்டார், காரணம் கேட்பார்.

இன்னும் ஒன்றே ஒன்று. வார்த்தைகளை விழுங்குகிறேன் என்று அந்த அம்மா கடைசிவரை என்னைக் குறை சொன்னார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று பனியில் வெறுந்தலையோடு நின்று முழுச் செபத்தையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை.